எட்டு மாதத்தில் பதினோரு கிலோ: கப்பல் வேலையும் உடம்பும்

கேள்வி: 2025 ஜனவரி 11

அடுத்த மாதம் ஒரு பல்க் கேரியரில் (தானியம், நிலக்கரி போன்ற சரக்கை மொத்தமாகக் கொட்டி ஏற்றும் கப்பல்) ட்ரெய்னி ஓஎஸ் (கடைநிலைப் பயிற்சி மாலுமி) வேலைக்குச் சேருகிறேன். ஒன்பது மாத காண்ட்ராக்ட். என் அண்ணன் எட்டு மாதம் போய்விட்டு வந்தான். பதினோரு கிலோ கூடி, பிரஷரோடு இறங்கினான். கப்பலில் ஜிம் உண்டாம். தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்தால் போதும் என்று நினைக்கிறேன். புரோட்டீன் பவுடர் எவ்வளவு கொண்டுபோகலாம்? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 11, இரவு

புரோட்டீன் பவுடரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ தம்பி. முதலில் தூக்கத்துக்கு வழி பார்.

2004 முதல் 2023 வரை எனக்குக் கப்பலில் சமையல் வேலை. மெஸ்மேனாக (சாப்பாடு பரிமாறும் ஆளாக) ஏறினேன், கடைசிப் பதினொரு வருடம் சீஃப் குக். யார் எப்போது சாப்பிட வந்தார், எந்தத் தட்டு பாதிச் சோற்றோடு திரும்பியது, யார் மூன்று நாளாகக் காலையில் தலைகாட்டவில்லை என்பதெல்லாம் கேப்டனுக்குத் தெரியாது, சமையல்காரனுக்குத் தெரியும். எடை கூடி இறங்கியவர்களில் பெருந்தீனிக்காரர்களைவிடத் தூக்கம் கெட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். அகால நேரத்தில் விழித்திருப்பவனுக்கு அகால நேரத்தில்தான் பசிக்கும். அப்போது கைக்குக் கிடைப்பது நூடுல்ஸ், பிஸ்கட், கோலா. உன் அண்ணன் எந்த வாட்ச், அதாவது எந்த முறை வேலை நேரம், பார்த்தான் என்று கேட்டுச் சொல். பன்னிரண்டு-நாலு என்பான்.

ஜனவரி 12

அண்ணன் பார்த்தது பன்னிரண்டு-நாலேதான் என்கிறாய். நினைத்தேன்.

தெரியாதவர்களுக்காக: மூன்று வாட்ச் ஓடும் கப்பலில் எட்டு-பன்னிரண்டு, பன்னிரண்டு-நாலு, நாலு-எட்டு என்று பிரிப்பார்கள். ஒவ்வொன்றும் பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை வரும். பன்னிரண்டு-நாலுக்காரன் நடுராத்திரி ஏறி விடியற்காலை நாலேகாலுக்கு இறங்குவான். பசி வயிற்றைக் கிள்ளும். இரண்டு பாக்கெட் நூடுல்ஸைப் பிரித்துப் போடுவான், கூடவே இரண்டு முட்டை. ஐந்தரைக்குப் படுத்தால் பத்தரைக்கு எழுந்து, காலைச் சாப்பாடு போனதால் மதியம் இரண்டு பங்கு சாப்பிட்டுவிட்டு வாட்சுக்குப் போவான். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை இன்னொரு துண்டுத் தூக்கம். எட்டு மணி நேரம் கணக்குக்கு வந்துவிடும், ஆனால் முழுசாக ஒரு தூக்கம் கிடையாது.

இதற்கு நான் செய்தது சின்ன வேலை. ராத்திரிச் சமையல் முடிந்ததும் ஒரு பாத்திரத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல், நாலு வேகவைத்த முட்டை, ஒரு கிண்ணம் தயிர்ச்சோறு, வெட்டிய பழம். மெஸ் ரூம் ஃபிரிட்ஜில் "பன்னிரண்டு-நாலு மட்டும்" என்று சீட்டு ஒட்டி வைப்பேன். முதல் வாரம் எட்டு-பன்னிரண்டுக்காரர்கள் வரும்போதே காலி செய்துவிட்டுப் போனார்கள். அப்புறம் இரண்டு பாத்திரம் வைத்தேன். அந்த காண்ட்ராக்டில் நூடுல்ஸ் பெட்டி இறங்கின வேகம் பாதியாகக் குறைந்தது. ஸ்டோர் கணக்கை எழுதியவன் நான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

ஜனவரி 13

ஜிம்மைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இருக்கும். ஒரு சைக்கிள், ஒரு ட்ரெட்மில், கொஞ்சம் டம்பெல். கப்பல் ஆடும்போது ட்ரெட்மில்லில் ஏறாதே. ஒரு கேடட் (அதிகாரியாகப் பயிற்சி பெறுகிறவன்) அதில் விழுந்து முகவாயில் நாலு தையல் போட்டுக்கொண்டான்.

டெக்கில், அதாவது கப்பலின் திறந்த மேல்தளத்தில், நட. இருநூற்று இருபத்தைந்து மீட்டர் நீளமுள்ள பனாமாக்ஸ் (பழைய பனாமா கால்வாய்க்குள் நுழையும் அளவுள்ள) கப்பலில் மெயின் டெக்கை ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய நானூறு மீட்டர் கிடைக்கும். பத்துச் சுற்று, நாலு கிலோமீட்டர். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போது போ. பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் மேலறை) சொல்லிவிட்டுப் போ, திரும்பினதும் சொல். செருப்போடு போகாதே, ஷூ போடு. கடற்கொள்ளைப் பயம் உள்ள பகுதியிலும் கடல் கொந்தளிக்கும்போதும் டெக்குக்கு விட மாட்டார்கள். அந்த நாட்களில் உள்ளேயே மாடிப்படி இருக்கிறது. அப்பர் டெக்கிலிருந்து பிரிட்ஜ் வரை ஆறேழு மாடி. ஒருநாளைக்கு ஐந்து தடவை ஏறி இறங்கினால் தொடை பேசும்.

இன்ஜின் ரூமில் வேலை செய்யும் ஒருவர் வியர்வையைப் பற்றிக் கேட்டிருந்தார். வளைகுடா பக்கம் ஜூலையில் உள்ளே நாற்பது டிகிரியைத் தாண்டும். தண்ணீர் பாட்டிலைக் கூடவே கொண்டுபோங்கள், ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் குடியுங்கள்.

ஜனவரி 15

இன்று ஒருவர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறதே, ஓய்வு நேரம் கட்டாயம்தானே, எப்படித் தூக்கம் கெடும்?" என்கிறார். சரி, கணக்குப் போடுவோம்.

2006-இல் ஜெனீவாவில் நிறைவேறி 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை அது. இந்தியா 2015-இல் ஏற்றது. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு. ஏழு நாளில் 77 மணி நேரம். அந்தப் பத்தை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, ஒரு துண்டாவது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது பிரிட்ஜில் இரண்டே அதிகாரிகள் உள்ள சின்னக் கப்பலைப் பாருங்கள். ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு, மறுபடி ஆறு, மறுபடி ஆறு. வாரத்துக்கு 84 மணி நேரம் வேலை, 84 மணி நேரம் ஓய்வு. எழுபத்தேழைவிட எண்பத்து நான்கு அதிகம், ஆகவே விதி மீறவில்லை. அந்த ஆறு மணி நேர ஓய்வில் சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், வீட்டுக்குப் பேச வேண்டும், துணி துவைக்க வேண்டும், அடுத்த வாட்சுக்குக் கால் மணி முன்னால் எழ வேண்டும். தூங்கக் கிடைப்பது நாலரை மணி நேரம். இப்படி நாலு மாதம் ஓடிய ஒரு செகண்ட் ஆபீசர் என் முன்னால் உட்கார்ந்தபடியே, கரண்டி கையில் இருக்கத் தூங்கிப்போனார். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. நான் எழுப்பவில்லை. அந்த இருபது நிமிடத்தை அவரிடமிருந்து பறிக்க மனசு வரவில்லை.

துறைமுகம் வந்தால் இந்தக் கணக்கும் போய்விடும். சரக்கு, எரிபொருள், ஆய்வுக்கு வருகிறவர்கள், பிராவிஷன் (சமையல் சாமான்) எல்லாம் ஒரே நாளில் வரும். ஓய்வு நேரப் பட்டியலில் மட்டும் எல்லோரும் நன்றாகத் தூங்கியிருப்பார்கள். நான் வேலை செய்த ஒரு கப்பலில் மாதக் கடைசியில் அந்தத் தாளை ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். தம்பி, உன் தாளை நீயே எழுது, அன்றன்றைக்கு எழுது. புதுப் பையனுக்கு இதில் சங்கடம் வரும். ஆனாலும் எழுது.

ஜனவரி 15, அப்புறம்

கடிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கே போகும்போது கடிகாரத்தைப் பின்னால் வைக்கிற நாளுக்கு 25 மணி நேரம் கிடைக்கும், அது சுகம். கிழக்கே போகும்போது ஒவ்வொரு மணியாக முன்னால் தள்ளிவைப்பார்கள். சீனாவிலிருந்து அமெரிக்கக் கரைக்குப் போய்ச் சேருவதற்குள் ஏழெட்டு இரவில் ஒவ்வொரு மணி நேரத் தூக்கம் களவு போயிருக்கும். அந்தப் பயணங்களில் இரண்டாம் டீயை நான் மதியம் மூன்று மணியோடு நிறுத்திவிடுவேன். கேட்டவர்களுக்குச் சுக்குத் தண்ணீர்.

ஜனவரி 19

என் 13-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு தவறு. உப்புத் தண்ணீர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டேன். ஒரு செவிலியர் தங்கை தனிச்செய்தியில் திருத்தினார், அவர் சொன்னதுதான் சரி.

கப்பல் சாப்பாட்டில் உப்புக்குப் பஞ்சமே இல்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சோயா சாஸ், நூடுல்ஸ் மசாலா. உலக சுகாதார நிறுவனம் ஒருநாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, அது ஒரு டீஸ்பூன் அளவு. மெஸ் ரூம் மேசையில் உட்கார்ந்தாலே அதைத் தாண்டிவிடுவோம். பிரஷர் உள்ளவர் தண்ணீரிலும் உப்புப் போட்டுக் குடித்தால் இன்னும் ஏறும். சாதாரண நாளில் வெறும் தண்ணீர் போதும். மூத்திரம் வெளிர்மஞ்சளாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாய்லர் சூட்டை (உடம்பு முழுக்க மூடும் வேலை உடை) பிழியும் அளவுக்கு வியர்த்த நாளில் ஓஆர்எஸ். அதையும் அளவோடு. ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட் உண்டு, ஒரு டம்ளருக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு. எத்தனை மில்லி என்று பார்த்துக் கரையுங்கள். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிக் குடித்துவிட்டு வாந்தி எடுத்த ஃபிட்டரை நான் பார்த்தேன்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. கப்பலின் நன்னீர், பெரும்பாலும் இன்ஜின் சூட்டில் கடல்நீரைக் காய்ச்சி எடுப்பது. "கொதிக்கவைத்த தண்ணீர்தானே, கிருமி இருக்காது" என்பார்கள். அந்தக் கருவிக்குள் காற்றழுத்தம் குறைவு, அதனால் அறுபது டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் எல்லாக் கிருமியும் சாகாது. அதனால்தான் பிறகு சுத்திகரிப்பும் தாது உப்புச் சேர்ப்பும். ருசி சப்பென்று இருக்கும், அதனாலேயே பலர் தண்ணீரை விட்டுக் கோலாவுக்குப் போகிறார்கள். நான் பெரிய ஜாடியில் எலுமிச்சைத் துண்டும் புதினாவும் போட்டு இன்ஜின் கண்ட்ரோல் ரூமுக்கு அனுப்புவேன். ஜாடி தினமும் காலியாகத் திரும்பும். சிறுநீரகக் கல்லால் ஒரு தடவை துடித்த ஆயிலர் (இன்ஜின் ரூம் தொழிலாளி) ஒருவர், அதற்கப்புறம் அந்த ஜாடி வரத் தாமதமானால் அவரே மேலே ஏறி வந்துவிடுவார்.

ஜனவரி 20

காலை பத்து மணி, மாலை மூன்று மணி டீ இடைவேளைக்குக் கப்பலில் பெயர் 'ஸ்மோக்கோ'. பெயரிலேயே புகை இருக்கிறது. டீ குடிக்கப் போகிறவன் சிகரெட்டும் பிடித்தாக வேண்டும் என்று பழகிப்போனது. புகையைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 2

காய்கறி பற்றி நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். இது என் இடம், கொஞ்சம் நீளும்.

பிராவிஷன் ஏறின முதல் வாரம் கீரை, தக்காளி, வெள்ளரி. இரண்டாம் வாரம் பீன்ஸ், கத்திரி. மூன்றாம் வாரம் முட்டைக்கோஸ், கேரட், பூசணி. அதற்குமேல் உருளை, வெங்காயம், ஃப்ரீசர் பட்டாணி. பிரேசிலிலிருந்து நன்னம்பிக்கை முனை சுற்றிச் சீனாவுக்கு முப்பத்தைந்து, நாற்பது நாள். நடுவில் கடை கிடையாது. ஆகவே பாதுகாப்பதில்தான் சமையல்காரனின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஆப்பிளையும் கீரையையும் ஒரே அறையில் அடுக்கக் கூடாது. ஆப்பிள் எத்திலீன் என்ற வாயுவை விடும், பக்கத்தில் இருக்கும் இலையெல்லாம் மஞ்சளாகிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு பெட்டி பாலக்கைக் கடலில் கொட்டிவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கறிவேப்பிலையைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, காகிதத்தில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் மூன்று மாதம் வரும். முருங்கைக்கீரையை வீட்டில் நிழலில் காயவைத்துப் பொடித்துக் கொண்டுபோவேன். அம்மா செய்து தருவாள், இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய.

ஆனால் நாற்பதாம் நாள் பச்சையாக எதைக் கொடுப்பது? பயறு. பச்சைப்பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை எட்டிப் பார்க்கும், அதற்கடுத்த நாள் சாப்பிடலாம். காய்ந்த பயறில் இல்லாத வைட்டமின் சி முளைக்கும்போது உண்டாகிறது. கப்பலில் விவசாயம் செய்த ஒரே ஆள் நான்தான் என்று கேப்டன் சொல்லிச் சிரிப்பார்.

வைட்டமின் சி-க்கும் கடலுக்கும் பழைய பகை. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில், ஈறு வீங்கிச் சாகக் கிடந்த பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்து கொடுத்துப் பார்த்தார். ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். ஆறு நாளில் பழம் தீர்ந்துவிட்டது, அதற்குள் அதில் ஒருவன் வேலைக்குத் திரும்பும் அளவு தேறிவிட்டான். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லோருக்கும் கொடுக்க 1795 ஆகிவிட்டது. நாற்பத்தெட்டு வருடம்! நடுவில் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பிப்ரவரி 9

கப்பல் ஏறுவதற்கு முன் செய்யும் மெடிக்கல் சோதனை பற்றிக் கேட்டவருக்கு.

சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். அதற்கு முன்னால் பதினைந்து நாள் சோற்றை நிறுத்தி, வெந்தயத் தண்ணீர் குடித்து, சர்க்கரையை இறக்கிக் காட்டுகிறவர்கள் நம் ஆட்களில் நிறைய. வெறும் வயிற்றுச் சோதனையில் தப்பிவிடலாம். எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரிச் சோதனையில் தப்ப முடியாது. தப்பினாலும் யாரை ஏமாற்றுகிறோம்? கடல் நடுவில் மயங்கி விழப்போவது நாம்தான்.

இதை நான் வேடிக்கை பார்த்துச் சொல்லவில்லை. 2020-இல் கொரோனா வந்த சமயம், தொடர்ந்து பதினான்கு மாதம் கப்பலிலேயே கிடந்தேன். ஆள் மாற்ற எந்த நாடும் இறங்க விடாத காலம். அந்த வருடக் கடைசியில் உலகம் முழுக்க சுமார் நாலு லட்சம் கடலோடிகள் காண்ட்ராக்ட் முடிந்தும் கப்பலில் இருந்தார்கள். ருசி பார்க்கிறேன் என்ற பெயரில் நாள் முழுக்க வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருந்தேன். ராத்திரியில் தூக்கமில்லை. இறங்கிச் சோதித்தபோது மூன்று மாதச் சராசரி 9.1. டாக்டரிடம் எதையும் மறைக்கவில்லை. ஆறு மாதம் வீட்டில் இருந்து, நடந்து, மாத்திரையோடு 6.8-க்குக் கொண்டுவந்தேன். மாத்திரையில் கட்டுக்குள் இருப்பதைப் பார்த்துத் திரும்ப அனுமதித்தார்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் காண்ட்ராக்ட் காலத்துக்குமேல் இரண்டு மாதத்துக்கு அதிகமாக, டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். நம்மை விடுவிக்க மாற்று ஆள் வருவது நம் கையில் இல்லை.

பிப்ரவரி 9, இரவு

பல்! ஏறுவதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போ தம்பி. கப்பலில் எல்லா வலிக்கும் ஒரு மாத்திரை உண்டு, சொத்தைப் பல்லுக்குப் பதில் கிடையாது.

பிப்ரவரி 14

நெஞ்சில் "வாயுப் பிடிப்பு" என்று ஒருவர் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு மோட்டார்மேன் (இன்ஜின் ரூம் தொழிலாளி), ஐம்பத்திரண்டு வயது. ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து, நெஞ்சுக்குள் வாயு அடைக்கிறது, இஞ்சிச்சாறு கொடு என்றார். கொடுத்தேன். ஏப்பம் வந்தது, போய்விட்டார். பத்தரைக்குத் திரும்ப வந்தார். முகமெல்லாம் வியர்வை, இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். குளிரூட்டிய அறையில் ஏன் வியர்க்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. செகண்ட் ஆபீசரை எழுப்பினேன், மருந்துப் பெட்டி அவர் பொறுப்பு. அவர் கரையில் உள்ள டாக்டரிடம் பேசினார். கடலில் இருக்கிறவர்களுக்கு வானொலி வழியாக மருத்துவம் சொல்லும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. ரோமில் உள்ள மையம் 1935-இலிருந்து எந்த நாட்டுக் கொடி என்று பாராமல் இலவசமாகச் செய்கிறது. ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்கக் கொடுக்கச் சொன்னார்கள், ஆக்சிஜன், படுக்கவிடாமல் சாய்த்து உட்காரவைக்கச் சொன்னார்கள். கப்பல் திசை மாறியது. மறுநாள் மதியம் இலங்கையின் காலித் துறைமுகத்துக்கு வெளியே படகு வந்து இறக்கிக்கொண்டு போனது. பிழைத்துக்கொண்டார். இப்போது ஊரில் பேரனோடு இருக்கிறார்.

அந்த ஒன்றரை மணி நேரம் என்னால் போனது. இஞ்சிச்சாறு கேட்டு யார் வந்தாலும் அதற்கப்புறம் மூன்று கேள்வி கேட்பேன்: வியர்க்கிறதா, கை தோள் தாடை வலிக்கிறதா, படி ஏறினால் கூடுகிறதா. ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் இஞ்சி கிடையாது, நேராக ஆபீசர்.

பிப்ரவரி 16

"எல்லாம் சம்பளக் கப்பல்காரர்களுக்கே சொல்கிறீர்கள், விசைப்படகில் போகிறவன் கடல் தொழிலாளி இல்லையா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டார். நியாயமான கோபம். நான் கன்னியாகுமரி மாவட்டம், குளச்சல் பக்கம். என் மச்சான் தூத்தூரிலிருந்து ஆழ்கடல் தங்கல் போகிறவன்.

நான் மேலே சொன்ன உடன்படிக்கை மீன்பிடிக் கலங்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்குத் தனி உடன்படிக்கை உண்டு, 2007-இல் எழுதியது, 2017 நவம்பர் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மூன்று நாளுக்குமேல் கடலில் தங்கும் கலத்தில் அதே 10 மணி நேரம், அதே 77 மணி நேரம் ஓய்வு என்கிறது. அதே மாதக் கடைசியில் ஒக்கிப் புயல் எங்கள் கரையிலிருந்து எத்தனையோ ஆண்களைக் கொண்டுபோனது. அந்த நவம்பரை எங்கள் ஊர்களில் யாரும் வேறு எதற்காகவும் நினைப்பதில்லை.

மச்சானிடம் கேட்டேன். மாதம் தாண்டிய பயணத்தில் முதல் பத்து நாள்தான் காய்கறி. அப்புறம் சோறும் மீனும். மீன் நல்லதுதானே என்று சொல்லிவிட்டேன், அவன் சிரித்தான். தூண்டில் இழுக்கிற நாளில் ராத்திரி பகல் கிடையாது, பீடியும் கட்டன் சாயாவும்தான் ஆளை நிறுத்துகிறது என்றான். குடிதண்ணீர் அளந்து, குளியல் கடல்நீரில். தொடையிடுக்கில் படை, கையில் உப்புப் புண், முப்பத்தைந்து வயதில் முதுகு போய்விட்டது. அவனிடம் போய் நடைப்பயிற்சி பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை. அவன் படகுக்கு நான் கொடுத்துவிட்டவை: பச்சைப்பயறு ஐந்து கிலோ, எலுமிச்சை ஒரு சாக்கு, வேர்க்கடலை, ஓஆர்எஸ், பருத்தி உள்ளாடை. குளித்து முடித்து ஒரு குவளை நன்னீரை மட்டும் இடுக்குகளில் ஊற்றித் துடைக்கச் சொன்னேன். எலுமிச்சை உதவியது என்றான். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 23

என் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன், புதிதாகக் குக் ஆகிறவர்களுக்கு உதவும்.

சர்க்கரை வந்து திரும்பின கப்பலில், எல்லோரையும் காப்பாற்றப் புறப்பட்டேன். எண்ணெயைப் பாதியாக்கினேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நிறுத்தி ஓட்ஸ் உப்புமா. யாரிடமும் கேட்கவில்லை. மூன்றாம் ஞாயிறு போசன் (டெக் மாலுமிகளின் தலைவர்) வந்து, கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, கடலில் நாள் கிழமை தெரிவது பிரியாணியில்தான். அதை எடுத்துவிட்டால் எங்களுக்கு வாரமே இல்லை."

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறு ஞாயிறு பிரியாணி திரும்பியது, ஐஸ்கிரீமும். வார நாட்களில் மட்டும் கை வைத்தேன், அதுவும் சொல்லிவிட்டு. பொரித்தது இரண்டு நாள் மட்டும், சோற்றுக்கு முன்னால் காய், வெள்ளைச் சோற்றுக்குப் பக்கத்தில் எப்போதும் சப்பாத்தி. ஃபிலிப்பினோக்களுக்கு மூன்று வேளையும் சோறு வேண்டும், அதைக் குறைக்க முடியாது. அவர்களுடைய சினிகாங் என்ற புளிச்சாறில் காய்களை அள்ளிப்போட்டேன். நம் புளிக்குழம்புக்குத் தூரத்துச் சொந்தம் அது, நம் ஆட்களும் கேட்டு வாங்கினார்கள்.

சட்டமும் இப்போது கொஞ்சம் துணைக்கு வந்திருக்கிறது. 2022-இல் செய்த திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில். சாப்பாட்டில் சத்துச் சமநிலை, நல்ல குடிநீர் இலவசம், வீட்டாரோடு பேச இணைய வசதி, ஆள் அளவுக்கேற்ற பாதுகாப்பு உடை. கடைசியில் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியும். பெரிய பூட்ஸில் பஞ்சு அடைத்துக்கொண்டு நடந்த கேடட் பெண்ணைக் கேளுங்கள்.

மார்ச் 3

இணையம் வந்தது வரம். மகள் பத்தாம் வகுப்பு மார்க்கை நான் ஆர்க்டிக் காற்று அடிக்கிற கடலில் நின்று கேட்டேன். ஆனால் மெஸ் ரூம் காலியாகிவிட்டது. முன்பு சாப்பிட்டபின் கேரம், டேபிள் டென்னிஸ், சீட்டு. இப்போது தட்டைக் கழுவிவைத்துவிட்டுக் கேபின் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இரண்டு மணி வரை திரை வெளிச்சம். மறுநாள் கண் சிவந்து வருவார்கள். நான் சனிக்கிழமை ராத்திரி பஜ்ஜி போட்டு, மெஸ் ரூமில் மட்டும்தான் தருவேன் என்றேன். பொரித்தது இரண்டு நாள் என்ற கணக்கில் ஒன்றை இதற்காகவே வைத்தேன். ஒருவன் மூன்று சனிக்கிழமை வரவில்லை. போய்க் கதவைத் தட்டினேன். வீட்டில் அப்பா இறந்து பத்து நாளாகியிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. அன்று பஜ்ஜி கருகிப்போனது. இரண்டு மணி நேரம் அவனோடு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 9

புகை. பாண்ட் ஸ்டோரில் (கப்பலுக்குள் சிகரெட், கோலா விற்கும் கிடங்கு) வரி கிடையாது, கடையில் வாங்குவதைவிட மலிவு. மாதத்துக்கு இரண்டு கார்ட்டன் என்று பட்டியலில் பெயருக்கு நேரே எழுதினால் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள், காசு கண்ணில் படவே படாது. அதனால்தான் கப்பலில் விடுவது கடினம். விட்ட மூன்று பேரை எனக்குத் தெரியும். மூன்று பேரும் கப்பல் ஏறுகிற நாளிலேயே, பட்டியலில் பெயர் எழுதாமல் விட்டவர்கள். நடுவில் விட முயன்றவர்கள் பக்கத்துக் கேபினில் கடன் வாங்கினார்கள். ஸ்மோக்கோ நேரத்தில் புகைக்கிற அறைக்குப் போகாமல் சமையலறைக்கு வா என்று ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தார், வெங்காயம் உரித்தார். ஒன்பது மாதமும் எனக்கு வெங்காயம் உரிக்க ஆள் கிடைத்தது.

மார்ச் 29

தம்பியிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. ஏறி ஐந்து வாரம், சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரத்தில். நாலு-எட்டு வாட்ச். எடை ஒரு கிலோ குறைவு. ஓய்வுத் தாளைத் தானே எழுதுகிறானாம். பயறு இரண்டு தடவையும் முளைக்காமல் நாறிவிட்டது என்கிறான்.

எங்கே தொங்கவிட்டாய்? வெஜிடபிள் ரூமில் என்றால் அங்கே நாலு டிகிரி, முளைக்காது. கேபினில் ஏசிக் காற்று நேராகப் படுகிற இடம் என்றால் துணி காய்ந்துவிடும். சமையலறையில் அடுப்புக்கு எதிர்ச்சுவர் நல்லது, சீஃப் குக்கிடம் கேட்டுக்கொண்டு வை. ஊறின தண்ணீரை முழுக்க வடி. துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. காலை எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் கழுவு, உன் வாட்ச் முடிகிற நேரமும் அதுதான். நாறினதைத் தின்று பார்க்காதே, கொட்டிவிட்டுப் புதிதாக ஊறவை.